இது இல்லம்மா

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சாமானின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் எடுத்துக் காட்டச் சொல்வார். காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஸ்பேனராக இருந்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து அதன் வாயில் பொருத்தி ஆட்டுவார். துளி ஆட்டம் இருந்தாலும் கண்ணாடி மூக்குக்கு இறங்கிவிடும்.

"இது இல்லம்மா."

கோபமோ குறையோ இல்லாமல்தான் சொல்வார். முகவரி தவறி வந்தவருக்குச் சரியான வீட்டைக் காட்டுகிற மாதிரி இருக்கும் அந்தக் குரல். ஸ்பேனரைத் துணியால் துடைத்து, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேனோ அந்தப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சித்தூரில் டிராக்டருக்கும் டூவீலருக்கும் ஸ்பேர் விற்கிற கடை எங்களுடையது. கல்யாணமாகி நகரியிலிருந்து வந்த சில மாதங்களிலேயே நான் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரியவர் வீடு எங்கள் தெருவில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. கரண்ட் ஆபீஸில் லைன் வேலை பார்த்தவர். நான் பெரிப்பா என்று கூப்பிடுவேன். மனைவி எப்போதோ இறந்துபோய்விட்டார். ஒரே மகள். காலேஜில் படிக்கும்போது அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள், லாரி ஒன்றில் இடித்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனாள். அவருக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டு ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வரவில்லை. நான் அடுப்படியிலிருந்து காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுபோய், "இதால ஒரு திருகு திருகிடுங்க பெரிப்பா, போதும்" என்றேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். ஏதோ சூடான சட்டியை நீட்டிவிட்ட மாதிரி. உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்துபோய், ஸ்க்ரூ டிரைவருடன் திரும்பி வந்தார். வியர்வை தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. திருக ஆன நேரம் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

இன்னொரு தடவை சர்ச்சில் போர் மோட்டார் நின்றுபோனது. அறுப்பின் பண்டிகைக்கு ஜனம் கூடியிருக்கிறது, கை கழுவத் தண்ணீர் இல்லை. மோட்டாரின் மூடியைக் கழற்ற ரிங் ஸ்பேனர் வேண்டும் என்றார். யாரோ வாயைக் கூட்டிக் குறைக்கிற ரிஞ்சைக் கொடுத்தார்கள். வாங்கவே இல்லை. "போல்ட்டோட முனை மழுங்கிடும். அப்புறம் யாரு வந்தாலும் கழட்ட முடியாது." சர்ச் போதகர் ஐயர் பேசிப் பார்த்தார், கமிட்டிக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். ரிங் ஸ்பேனர் வந்து சேரும்வரை பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். மோட்டார் ஓடியபோது யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடிவாதக்காரர்களை எனக்குப் பொதுவாகவே பிடிக்கும்.

ரிட்டயரானதும் தெரு வீட்டைப் பூட்டிவிட்டு, காணிப்பாக்கம் பக்கத்தில் இருந்த தங்கள் மாந்தோப்புக்கே குடிபோய்விட்டார்கள். சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஏதோ ரிசார்ட்டை மூடியபோது, அங்கே பிள்ளைகள் சுற்றி விளையாடுகிற நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கி வந்தார். குண்டு டயர், மேடு பள்ளம் பார்க்காத வண்டி. ஓட்டுவதற்குக் கால் வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் போகும், கையால் பிடித்தால் நிற்கும். சீட்டுக்குப் பின்னால் முதுகு சாய இரும்புச் சட்டம் அடித்து, இடுப்புக்கு பெல்ட் வைத்து, மகளுக்குக் கொடுத்தார். அதற்கான போல்ட்டுகளைத் தேர்ந்தெடுக்கவே எங்கள் கடைக்குப் பல நாள் வந்தார்.

அதன் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். சக்கர நாற்காலி மண்ணில் ஓடாது. அதுவரை ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வரிசை வரிசையாக மரத்துக்கடியில் போய் வரத் தொடங்கினாள். மருந்தடிக்கிற ஆட்களை அவளே வேலை வாங்கினாள். எந்த மரம் இந்த வருஷம் காய்க்கும், எது ஓய்வெடுக்கும் என்று சொல்வாள். முகமும் கையும் வெயிலில் கறுத்துப்போயின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைப் பார்த்தால், "அக்கா, என் தோப்புக்கு வா" என்பாள். என் தோப்பு என்றுதான் சொல்வாள்.

மாம்பிஞ்சு விடுகிற மாதம் அவர் கடைக்கு வந்து ஒரு கிழிந்த ரப்பரைக் கல்லாவில் வைத்தார். மடிப்பு மடிப்பாக, குட்டைப் பாவாடை மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற ஆக்சிலின் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை. பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ் இருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே போகும், மூட்டு அரைபட்டுப்போகும். வெட்டிப் போட்ட கிளையின் கூர்முனை கிழித்திருந்தது. புது பூட்டுக்கு மதராஸுக்குச் சொல்லி வரவழைத்துக் கொடுத்தோம். கூடவே இரண்டு கிளாம்பு. பூட்டின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடிக்கிற தகட்டு வளையம் அது. வளையத்தில் காது மாதிரி ஒரு மேடு இருக்கும். அந்தக் காதை நெருக்கிவிட்டால் வளையம் இறுகிக்கொள்ளும்.

"காதை நெருக்க தனி பிளையர் வேணும்மா. சாதா பிளையர்ல புடிச்சா ஒரு பக்கமா நசுங்கும். கிரீஸ் கசியும்."

என்னிடம் இருந்ததைக் காட்டினேன். வாய் அகலம் என்றார். வேறொன்று வரவழைத்தேன். வாய் சரி, ஆனால் உள்ளே எட்டாது என்றார். ஆன்லைனில் ஒன்று வாங்கினார். இரும்பு மெத்து, விரியும் என்று திருப்பி அனுப்பினார். வேலூர்வரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"நம்ம மெக்கானிக்க அனுப்பட்டுமா பெரிப்பா?"

"வேணாம்மா. அவன் சுத்தியால தட்டுவான்."

"வண்டி எவ்ளோ நாளா நிக்குது?"

"நிக்கட்டும். சாமான் வராம கை வெக்க மாட்டேன்."

அதற்குள் பிஞ்சு காயாகிவிட்டது. அவள் சர்ச்சுக்கு வருவதும் நின்றுபோனது.

கொள்முதலுக்காக நான் திருப்பதி போகும்போது ஒருமுறை அவரும் கூட வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மொட்டை போட்ட தலைகளில் சந்தனம் பூசிக்கொண்டு ஜனம் போய்வருகிற சந்து ஒன்றில் டூல்ஸ் கடை இருக்கிறது. கடைக்காரர் தெலுங்குக்காரர், எனக்கு நல்ல பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் மேல் தட்டிலிருந்து ஒரு பிளையரை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நுனி குறுகல், கழுத்து நீளம், இரும்பு கனம்.

பெரிப்பா சட்டைப்பையிலிருந்து உபரி கிளாம்பு ஒன்றையும் ஒரு பைப் துண்டையும் எடுத்தார். கிளாம்பைப் பைப்பில் மாட்டி, பிளையரின் நுனியைக் காதில் வைத்து அழுத்தினார். டக் என்றது. காது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குவிந்து மூடிக்கொண்டது. நான் என் கண்ணால் பார்த்தேன். கிளாம்பைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை.

"கரெக்ட்டுகா சரிபோயிந்தி சார்!" என்றார் கடைக்காரர், கையைத் தட்டிக்கொண்டு.

அவர் அந்தக் கிளாம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தேடியது கிடைத்தவரின் முகம் இல்லை அது. அகப்பட்டுக்கொண்டவரின் முகம். பிளையரைத் துணியால் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"இதி காதய்யா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இது இல்லம்மா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிளையரை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர், பாகாலா தாண்டியதும் தானாகவே பேசினார்.

"தோப்புக்குள்ள ஓட்டிக்கினு இருந்தா பரவால்லம்மா. கால்வா கரைமேல ஏத்த ஆரம்பிச்சிட்டா. அன்னிக்கி நான் போய்ப் பாக்கறேன், வண்டி ஒரு பக்கமா சாஞ்சி கெடக்குது. பெல்ட்ட அவுத்துட்டு மண்ணுல உக்காந்துகினு இருக்கறா."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. சிரிக்கறாம்மா. உக்காந்துகினு சிரிக்கறா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த பிரியத்துக்குள் முதல்முறையாக ஒரு பயம் நுழைந்தது. சரியான சாமானுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வரக் கூடாது என்றுதான் அவர் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கொள்முதலின்போது அந்தப் பிளையரை நான் வாங்கி வந்து மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் கொடுத்தால் என்ன சொல்வார் என்று தெரியும்.

காய் முற்றுகிற சமயத்தில் ஒரு காலை, கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அவர் மகள், தனியாக.

"நைனா மீட்டிங்குன்னு சர்ச்சுக்கு போயிருக்கறாரு. ஆட்டோன்னா தாழ்வா இருக்குது, நானே சேர்லருந்து நகுந்து ஏறிப்பேன்," என்றாள். நான் போய் ஆட்டோவுக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளுத்துப்போயிருந்தாள். வெயில் கறுப்பெல்லாம் போயிருந்தது.

"அக்கா, நெஜமா சொல்லு. அந்த பிளையரு எங்கயுமே இல்லியா?"

நான் எழுந்துபோய் டிராயரிலிருந்து எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத நைனா பாத்தாரா?"

"பாத்தாரு."

"பொருந்துச்சா?"

"பொருந்துச்சு."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

"ஸ்கூட்டர்ல வுழுந்தோமே, அன்னிக்கி எனக்கு பரீட்சை. கெளம்பற நேரத்துல பின் பிரேக்கு நட்டு கழண்டு ஆடுது. நைனா ஸ்பேனர தேடறாரு, காணோம். நான்தான் கத்துனேன், 'டைம் ஆவுது நைனா, எதாலயாவது முடுக்கு'ன்னு. வீட்ல கெடந்த சாதா பிளையர வெச்சி முறுக்கிட்டு வண்டிய எடுத்தாரு. லாரி குறுக்க வந்தப்ப பிரேக்கு புடிக்கல. நட்டு எங்கயோ வழில வுழுந்துட்டுது."

ஆட்டோவின் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்ல இத பேசினதே இல்லக்கா. அவரும் பேசல, நானும் பேசல. நான் எதுனா சொன்னா அவரு செத்துடுவாரோன்னு பயம். இப்ப பாரு, தோப்ப குத்தகைக்கு உட்ரலாங்கறாரு. மாங்கா வியாபாரி வந்து வந்து கேட்டுக்கினு போறான். மரத்த பாக்காம நான் என்ன வெல பேசறது? தோப்பும் போச்சுன்னா எனக்கு என்னக்கா இருக்குது? கட்டிலு இருக்குது, ஜன்னல் இருக்குது."

கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அதே ஆட்டோவில் அவளோடு போனேன்.

வண்டி கொட்டகையில் கல்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இல்லை. ஆக்சிலின் முனையைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றி, கவரைக் கயிற்றால் கட்டியிருந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். எல்லா வேலையும் முடிந்திருந்தது. மூட்டைக் கழுவித் துடைத்து, புது கிரீஸ் வைத்து, புது பூட்டை ஏற்றி, இரண்டு கிளாம்பையும் அதனதன் இடத்தில் மாட்டி வைத்திருந்தார். காதை நெருக்குவது மட்டும்தான் பாக்கி. தூசி படியாமல் அவ்வப்போது துடைத்தும் வைத்திருந்தார் போல. ரப்பர் பளபளவென்று இருந்தது.

நான் கோணி விரித்தேன். அவள் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றித் தரைக்கு இறங்கினாள். பிளையரைக் காதில் வைத்து அழுத்தினாள். முதல் தடவை வழுக்கியது. மறுபடி வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். டக். பூட்டின் மறுமுனைக்கு நகர்ந்து அதையும் அழுத்தினாள். அவ்வளவுதான்.

திரும்பினால் கொட்டகை வாசலில் பெரிப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"யாரு குடுத்தது?"

"நான் கேட்டேன். அக்கா குடுத்தாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக வந்து மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கிளாம்பைச் சுற்றிலும் விரலை ஓட்டினார். நெடுநேரம் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்குது," என்றார்.

"நைனா," என்றாள் அவள். "அன்னிக்கி நான்தான் அவசரப்படுத்தினேன்."

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். அதற்கென்று வைத்திருக்கிற துணியில் அல்லாமல் அவர் எதையும் துடைத்து நான் பார்த்ததில்லை.

"நட்ட முடுக்குனது என் கைதானே," என்றார்.

பிறகு எழுந்துபோய்ச் சக்கரத்தை உருட்டி வந்து மாட்டினார். ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். இறுக்கியதை மறுபடி இறுக்கிப் பார்த்தார்.

அந்த வருஷத் தோத்தாபுரி மாங்காயை அவளே நின்று பேசி ஜூஸ் ஃபேக்டரிக்கு ஏற்றினாள். காய் பறிக்கிற நாளில் போயிருந்தேன். லாரிக்கும் மரத்துக்குமாக வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள், தொண்டை கட்டிப்போய் இருந்தது. அவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டிருந்தது. அவள் வண்டி போகிற இடமெல்லாம் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல், டயர் போன தடத்தைப் பார்த்தபடி நடந்தார். எங்காவது மண் கறுத்துத் தெரிந்தால் உட்கார்ந்து விரலால் தொட்டு, முகர்ந்து பார்ப்பார்.

"கசியலியே பெரிப்பா?"

"இதுவரைக்கும் இல்லம்மா," என்றார்.

"நெழல்ல உக்காருங்களேன் கொஞ்ச நேரம்."

"அவ போறாளே," என்று சொல்லிவிட்டு எட்டி நடந்தார்.

கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது சர்ச்சில் பார்த்தால் ஆள் இளைத்துக்கொண்டே வந்தது தெரியும். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இனி ஓட்டவே மாட்டேன் என்றுகூடச் சொன்னாளாம். "ஓட்டும்மா, நீ ஓட்டு" என்றாராம். ஓட்டினால் பின்னால் நடந்தார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் நடந்தது அது. வரிசையின் கடைசியில் வண்டியைத் திருப்பியபோது அவர் பின்னால் இல்லை. வந்த வழியே ஓட்டிப் போனாள். ஒரு மரத்தடியில் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். இறங்கினால் தானாக மறுபடி ஏற முடியாது என்று தெரிந்தும் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கீழே சரிந்தாள். ஈர மண்ணில் கைகளால் இழுத்துக்கொண்டே போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வேலையாட்களுக்கு போன் போட்டாள். அவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

"வெரலு நீட்டிக்கினே இருந்துச்சுக்கா," என்றாள் என்னிடம். "மண்ணு கறுப்பா இருந்துச்சு அந்த எடத்துல. தொட்டுப் பாக்கத்தான் குனிஞ்சிருக்கறாரு. நான் பாத்தேன். வெறும் மழைத்தண்ணி."

தோப்பின் மூலையில், மனைவிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தோம். தூறிக்கொண்டிருந்தது. சேற்றில் நாற்காலி போகாது என்பதால் அவளை வண்டியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. சீட் இடுப்பு உயரம். ஐயர் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், இன்னும் இரண்டு ஆண்கள். ஒருவர் அக்குளில் பிடித்தார், ஒருவர் முழங்காலைப் பிடித்தார். தூக்கத் தூக்க நழுவினாள். புடவை சேற்றில் புரண்டது. அவள் தோள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தினம் காலையில் அவளைத் தூக்கி அந்தச் சீட்டில் உட்கார வைத்தது யார் என்று அந்த நிமிஷம்வரை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. வண்டி நின்றிருந்த மாதங்கள் தவிர, மற்ற எல்லா நாளும் அவர்தான் தூக்கியிருக்கிறார். இளைத்துப்போன அந்த உடம்போடு, ஒற்றை ஆளாக.

"இருங்க," என்றாள். "எல்லாரும் உடுங்க. ஒருத்தர் மட்டும் வாங்க."

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"ஒரு கைய முட்டிக்கு அடியில குடுங்க அண்ணா. இன்னொன்னு முதுகுல, இன்னும் கொஞ்சம் மேல. நான் கழுத்த புடிச்சிக்கறேன். அவசரப்படாதீங்க." மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாடம் சொல்கிற குரலில் நிதானமாகச் சொன்னாள். "நைனா இப்படித்தான் தூக்குவாரு."